டெங்கு பிரச்சாரத்துக்கு வந்த ஓட்டை ஒடசல்

திருவொற்றியூரில் தொடங்கி எண்ணூர் முடிய, கொசுவையும் மனுஷனையும் ஒரே சமயத்தில் கதிகலங்க வைத்த ஒரே ஆசாமி ஓட்டை ஒடசல்தான். கொசுவுக்குப் புகைமருந்து பழகிவிட்டது. மனுஷனுக்குக் கொசு பழகிவிட்டது. ஓட்டை ஒடசல் மட்டும் இன்றுவரை யாருக்கும் பழகவில்லை.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. லோடு ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, "ஓட்டை ஒடசல், பயய இரும்பு, ஒடஞ்ச பக்கெட்டு, டயரு, டியூபு எதுனா கீதா? எட்தா, எட்தா! பூண்டு வாங்கிக்கோ!" என்று தெருத்தெருவாகக் கூவுவார். உடைசலைக் கொடுத்தால் பூண்டு. பூண்டு வேண்டாம் என்றால் பிளாஸ்டிக் மக். அந்த மக் ஒரு மாதத்தில் உடைந்துபோகும். அதையும் அவரே வாங்கிக்கொண்டு இன்னொரு மக் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் மறுபிறவியில் நம்பிக்கை வளர்ந்ததற்கு அந்த மக்குகள்தான் காரணம்.

ஆட்டோவில் அவருக்குப் பக்கத்தில் பாப்பா உட்கார்ந்திருப்பாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறவள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனிமேல் இல்லை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்த ஒரே பெண். பள்ளிக்கூடம் விட்டால் நேராக முன் சீட்டு. அப்பாவுக்குத் தொண்டை கட்டினால் மைக்கை அவள் வாங்கி, "எட்தா, எட்தா" என்பாள். அதைக் கேட்டுவிட்டு நல்ல பக்கெட்டையே கொண்டுவந்து கொடுத்த பெண்கள் உண்டு. அவள் ஒரு தும்மல் போட்டால் போதும், வியாபாரத்தை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட்டு ஆட்டோ எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும். ஊரையே மிரட்டுகிற அந்த மனிதர் ஓ.பி. வரிசையில் மட்டும் கைகட்டி நிற்பார்.

எங்கள் ஆஸ்பத்திரி என்றால், ஓர் அறக்கட்டளை நடத்துகிற குழந்தைகள் ஆஸ்பத்திரி. அங்கே ஊசி போடுகிறவர்கள் வேறு, மருந்து கொடுக்கிறவர்கள் வேறு. நான் புத்தி சொல்கிறவன். பெற்றோருக்கு ஆரோக்கிய அறிவுரைகளையும் ஆஸ்பத்திரிச் செய்திகளையும் எழுதி அனுப்புவது என் உத்தியோகம். இதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து, சந்திப்பிழை பார்த்து, "பச்சிளங் குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே" என்று அனுப்புவேன். பதிலுக்கு யாராவது ஒரு ரோஜாப்பூவில் 'இனிய காலை வணக்கம்' அனுப்புவார்கள். இன்னொருவர் அதற்குக் கும்பிடு போடுவார். தாய்ப்பால் அத்தோடு சரி.

ஒருமுறை மட்டும் உருப்படியாகப் பதில் வந்தது. "மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளைப் புகை, தூசி இல்லாத சூழலில் வைத்திருக்கவும்" என்று எழுதியிருந்தேன். அதை எழுதும்போது என் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டிப் புகை விட்டுக்கொண்டிருந்தன. வடக்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தன் பங்குக்கு விட்டுக்கொண்டிருந்தது. முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு தாய் குரலிலேயே பதில் அனுப்பினாள். "சார், நீ சொல்ற அந்த சூழலுக்கு எந்த பஸ்ஸு போவுது?" நான் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

இப்படி நாங்கள் சொல்வதைச் சொல்லிக்கொண்டும், அவர்கள் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டும் இருந்த நிலையில்தான் ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வார்டில் இடமில்லை. பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "உங்க வாட்ஸ்அப் போதும். தெருவுக்குத் தெரு மைக்ல சொல்லணும். ஒரு ஆட்டோ பிடிங்க" என்றார். தேடினேன். ஸ்பீக்கர் வைத்த ஆட்டோக்கள் எல்லாம் ஏதோ ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போய்விட்டிருந்தன. மிச்சம் இருந்தது ஓட்டை ஒடசல்.

என் குரலிலேயே பதிவு செய்து கொடுத்தேன். "அன்பார்ந்த பெற்றோர்களே! டெங்குவைப் பரப்பும் கொசுக்கள் நன்னீரில் உற்பத்தியாகின்றன. எனவே தங்கள் இல்லங்களைச் சுற்றிலும் நீர் தேங்கும் கொள்கலன்களை அப்புறப்படுத்துவீர்!" என்று தொடங்கும். மறுநாள் மத்தியானம் ஆட்டோ திரும்பி வந்தது.

"சார், தப்பா நெனச்சிக்காத. இத்த போட்டேன்னா தெருவுல அல்லாரும் பீடிய அணைச்சிட்டு எயுந்து நிக்கிறாங்க."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? யார் பூட்டாங்கன்னு கேக்கறாங்க சார்! ரெண்டு பேரு மால கூட வாங்கிகினு வந்துட்டாங்க."

அன்றைக்கே அவர் தன் குரலில் பேசி, என் குரலை அழித்துவிட்டார். நான் எழுதியது அவர் வாயில் போய் இப்படி வெளியே வந்தது: "இன்னாமே, தொட்டில தண்ணி ரொப்பி வச்சிகினு மூடாம கீறியே, அது இன்னா நீச்சல் கொளமா? அதுல தான் கொசு முட்ட போடுது! அது உன் கொயந்தைய கடிக்கும். கொயந்த ஆஸ்பத்திரிக்கு வரும். டாக்டரம்மா என்னிய திட்டும். டயரு, தேங்கா கொட்டாங்குச்சி, ஒடஞ்ச கொடம், பெயின்ட் டப்பா, மய தண்ணி நிக்கிற ஜாமான் எதுனா கீதா? எட்தா, எட்தா!"

கடைசி வார்த்தைகளில்தான் விஷயம் இருக்கிறது. டெங்குக் கொசு எதிலெல்லாம் முட்டையிடும் என்று மருத்துவ உலகம் சொல்கிறதோ, அதையெல்லாம்தான் ஓட்டை ஒடசல் இத்தனை வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தார். மருத்துவமும் வியாபாரமும் இப்படி அச்சாகப் பொருந்திப்போனதை நான் அதற்கு முன்னால் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரி பேனர் கட்டியிருந்ததால், முன்பு கெஞ்சிக் கேட்டதை இப்போது அதட்டிக் கேட்டார். திருவொற்றியூரில் ஒரு மளிகைக் கடைக்காரர் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த சட்டி போயிற்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் தாமரை வளர்த்த தொட்டி, தாமரையோடு போயிற்று. கடற்கரையில் பழுது பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்த ஃபைபர் படகைக் கூட, அதில் மழைத் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லி ஏற்றப் பார்த்திருக்கிறார். "கவுத்துப் போட்ட போட்டுல எப்டிடா தண்ணி நிக்கும்?" என்று படகுக்காரர் துடுப்போடு வந்த பிறகுதான் விட்டார்.

கமலா அக்காவின் டிரம் விவகாரம் ஊருக்கே தெரியும். கமலா அக்கா எங்கள் தெருவில் இட்லிக் கடை போடுகிறவர். லாரித் தண்ணீர் பிடிக்க நீல டிரம் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருந்தார். ஓட்டை ஒடசல் அதைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"ஓட்டை கீது."

"எங்கடா கீது? கண்ணு அவிஞ்சு போச்சா? போன வாரம் வாங்குனது!"

"இன்னிக்கி இல்லாகாட்டி நாளைக்கி வரும். இந்தா, பூண்டு வாங்கிக்கோ."

பேனரைப் பார்த்துவிட்டு, அரசாங்க விஷயமோ என்று பயந்து கமலா அக்கா டிரம்மைக் கொடுத்துவிட்டார். பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் சட்னியைக் குறைத்துவிட்டார். ஓட்டை ஒடசல் செய்த பாவத்துக்கு நான் காய்ந்த இட்லி தின்றேன்.

ஆஸ்பத்திரியையும் அவர் விட்டுவைக்கவில்லை. வாசலில் பூந்தொட்டிகள் அழகாக அடுக்கியிருப்போம். தொட்டிக்கு அடியில் தட்டு. தட்டில் தண்ணீர். ஒரு சனிக்கிழமை காலை, ஓ.பி. நிரம்பி வழிகிற நேரத்தில், கேட்டுக்கு எதிரே ஆட்டோவை நிறுத்தி மைக்கைப் போட்டார். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற டாக்டரம்மா! உன் பூந்தொட்டி தட்டுல கொசுப்புயு டான்ஸ் ஆடுது, வந்து பாரு!" டாக்டரம்மா இறங்கி வந்து பார்த்தார். புழு மெய்யாகவே ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஓட்டை ஒடசலைத் திட்டுவார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். என்னைத் திட்டினார். அத்தனை தட்டுகளையும் நானே கவிழ்த்தேன். ஒவ்வொன்றையும் வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு, முன் சீட்டில் பாப்பாவும் அவள் அப்பனும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நிஜமான சண்டை. என் அறிவிப்பின் கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் அதிகக் கவனம் வேண்டும். வயிற்றுவலி, தொடர் வாந்தி, கை கால் சில்லிட்டுப் போவது, சோர்ந்து கிடப்பது, எங்காவது ரத்தம் கசிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று டாக்டரம்மாவே சொல்லி எழுத வைத்தது. அறிவிப்பிலேயே உயிரைக் காப்பாற்றுகிற வாக்கியம் அதுதான். அதை அவர் வெட்டிவிட்டார்.

"ஏன் வெட்டினீங்க?"

"அதுல எட்த்துகினு வர ஜாமான் ஒண்ணியும் இல்லியே சார்."

"யோவ், இது குழந்தைங்க உயிர்!"

"காச்ச வுட்டா சந்தோசம் சார். சந்தோசமா கீறவன்கிட்ட போயி இன்னாத்துக்கு பேஜாரு பண்ற? கூவறது நானு. எத்த கேப்பாங்கோ, எத்த கேக்க மாட்டாங்கோன்னு எனக்கு தெர்யும்."

டாக்டரம்மாவிடம் புகார் சொன்னேன். அவர் கூப்பிட்டு அதட்டினார். மறுநாள் எங்கள் தெருவில் மட்டும் அந்த வாக்கியம் கேட்டது. அடுத்த தெருவில் அந்த இடத்தில் பூண்டு வந்துவிட்டது.

ஊர் சுத்தமானது உண்மை. தெருக்களில் ஒரு டயர் கிடையாது, ஒரு சிரட்டை கிடையாது. டாக்டரம்மா ஒரு கூட்டம் போட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தப் பொன்னாடையை அவர் ஸ்பீக்கருக்குப் போர்த்தி, மழைக்கு நனையாமல் பார்த்துக்கொண்டார். ஆனாலும் டெங்கு போனபாடில்லை. இவ்வளவு சுத்தம் செய்தும் கொசு எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு என்று தெரிந்தது. அப்போதைக்கு அபாயம் இல்லை, தினம் கொண்டு வந்து காட்ட வேண்டும், காய்ச்சல் விட்டாலும் கொண்டு வர வேண்டும் என்று டியூட்டி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். காய்ச்சல் இருந்த வரைக்கும் அவள் அப்பா தவறாமல் கொண்டு வந்தார். ஓட்டை ஒடசலின் குரல் தெருவில் கேட்கவே இல்லை. கமலா அக்காகூட, "பாவம், பொண்ணு எப்டி கீறா?" என்று விசாரித்தார்.

பிறகு ஒருநாள் காலையில் ஆட்டோ சத்தத்தோடு வந்தது. கேட்டில் இறங்கி, செக்யூரிட்டிக்கு, நர்சுக்கு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"காச்ச வுட்ருச்சி சார்! பாப்பாவ கூட்டிகினு ரவுண்டு போறேன். ஒரு வாரமா வூட்லயே கெடந்தா, பாவம். நீ ஒரு மிட்டாய் எட்த்துக்கோ."

நான் மிட்டாயை வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தேன். பாப்பா சீட்டில் சுருண்டு கிடந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கையைப் பிடித்தேன். ஐஸாக இருந்தது, வியர்த்திருந்தது.

"வவுறு வலிக்குது மாமா" என்றாள்.

இத்தனை வருஷம் கட்டிக் காத்த என் எழுத்துத் தமிழ் அந்த நிமிஷத்தில் என்னை விட்டு ஓடிப்போயிற்று. "யோவ் கய்தே, தூக்குய்யா கொயந்தைய!" என்று நான் கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டதாம்.

"இன்னா சார்? காச்ச தான் வுட்ருச்சே..." என்று சொல்ல ஆரம்பித்தவர், அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. தான் வெட்டிப் போட்ட வாக்கியம் அப்போதுதான் முழுசாக அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மிட்டாய்ப் பொட்டலம் கீழே கொட்டியது. பாப்பாவை வாரிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கேட்டிலேயே கிடந்தது.

ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். டாக்டரம்மா நேரே வந்து பார்த்துவிட்டு, "ரத்த அழுத்தம் இறங்கிடுச்சு. நாளைக்கு வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். ஓட்டை ஒடசல் சுவரோடு சுவராக உட்கார்ந்துகொண்டார்.

அன்று மத்தியானமே மாநகராட்சியின் கொசு ஒழிப்புக்காரர் வந்தார். டெங்கு வந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். வீட்டுக்கு வழிகாட்ட நான் போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகிற சந்தில் வீடு, வீட்டை ஒட்டி ஷெட். ஷெட் என்றால் நாலு கம்பமும் பாதிக் கூரையும். அதற்குள்ளே எங்கள் ஊரின் அத்தனை டயர்களும், பக்கெட்டுகளும், பெயின்ட் டப்பாக்களும், தாமரைத் தொட்டியும், எங்கள் பூந்தொட்டித் தட்டுகளும் மலையாகக் கிடந்தன. இரும்புக் கடையில் வாங்குகிற விலை இறங்கியிருந்ததால், ஏறட்டும் என்று விற்காமல் சேர்த்து வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் கழுத்து வரை மழைத் தண்ணீர். கொசு ஒழிப்புக்காரர் கமலா அக்காவின் நீல டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இது ஷெட் இல்ல. ஹெட் ஆபீஸு" என்றார்.

ஊரில் இருந்த கொசுவையெல்லாம் நாங்கள் ஒழித்தோம் என்று நினைத்தோம். ஒரே விலாசத்துக்கு வீடு மாற்றித்தான் கொடுத்திருக்கிறோம், ஆஸ்பத்திரி பேனர் கட்டி, ஆட்டோ அமர்த்தி, பொன்னாடையும் போர்த்தி.

இதை ஓட்டை ஒடசலிடம் எப்படிச் சொல்வது என்று புரியாமல் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் மனைவியை ஐ.சி.யூ. வாசலில் உட்கார வைத்துவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஸ்பீக்கர் கேட்டது. பதிவு இல்லை, நேராகப் பேசினார்.

"அல்லாருக்கும் வணக்கம். ஓட்டை ஒடசல் பேசறேன். உங்க வூட்டு கொசு அல்லாம் என் ஷெட்டுல தான் கீது. நான் தான் வளத்தேன். என் பாப்பா ஐசியூல கீறா. காச்ச வுட்டுச்சுன்னு நான் மிட்டாய் குட்துகினு இருந்தேன். காச்ச வுட்டா அப்பால தான் டேஞ்சரு. கை காலு சில்லுனு ஆச்சா, வவுறு வலிக்குதா, வாந்தி எட்க்குதா, ஓடு ஆஸ்பத்திரிக்கு. சார் இத்த எயுதி குட்தாரு. எட்த்துகினு வர ஜாமான் இல்லன்னு நான் வெட்டிட்டேன். ஷெட்ட காலி பண்ணணும். நான் ஒண்டி ஆளு. எதுனா பண்ணுங்க."

குரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. மைக் மட்டும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஊர் வந்தது. உதவி செய்ய வந்தார்களா, பழி தீர்க்க வந்தார்களா என்று சொல்ல முடியாதபடி வந்தது. கமலா அக்கா முதல் ஆளாக வந்து, ஓட்டை ஒடசலின் பரம்பரையையே வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டே டிரம்முகளைக் கவிழ்த்தார். தன்னுடையதோடு இன்னும் இரண்டு நல்ல டிரம்மைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். படகுக்காரர் தன் ஆட்களோடு வந்து டயர்களை லாரியில் ஏற்றினார். கிரேன் ஓட்டியவர் எதையும் தூக்காமல், எதை எப்படித் தூக்க வேண்டும் என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் ஷெட்டில் தரை தெரிந்தது.

மறுநாள் பாப்பாவுக்கு ரத்த அழுத்தம் நிலைக்கு வந்தது. அதற்கு மறுநாள், "தப்பிச்சுட்டா" என்றார் டாக்டரம்மா. ஓட்டை ஒடசல் வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். ஸ்பீக்கர் இல்லாமலே அது ஓ.பி. வரைக்கும் கேட்டது.

போன மாதம் பாப்பாவுக்குத் தடுப்பூசி போட வந்தவர், என் அறைக்குள் தலையை நீட்டினார். வழக்கமாக உள்ளே வந்து, மேஜைமேல் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்ப்பவர், அன்று வாசலிலேயே நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கணும். இஸ்கூல்ல பாப்பாவ, உங்கப்பாவுக்கு இன்னா வேலைன்னு கேட்டுக்கீறாங்க. கொயந்தைங்க ஆஸ்பத்திரில வேலைன்னு சொல்லிகீறா."

"சரி."

"பொய் சொல்லக் கூடாதுன்னு நான் அவள அதட்டிட்டேன். அவ அயுவறா. மெய்தானப்பா, மெய்தானப்பான்றா. நீ படிச்ச ஆளு. பொய்யா சார் அது?"

கதவுக்குப் பின்னாலிருந்து பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெய்தான்" என்றேன் அவளிடம். "நான் எழுதறேன், உங்கப்பா சொல்றாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வேலை."

அவர் பாப்பாவின் தலையைத் தடவிவிட்டு, வெளியே கூட்டிக்கொண்டு போனார். என் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் யார் என்று யாராவது கேட்டால், நான் ஜன்னல் வழியாகத் தெருவைத்தான் காட்டுவேன்.